வழிகாட்டுங் கருவியும் வாங்கும் படமும்

தேசப்படம் என்றவுடன் மடித்த கடுதாசியொன்று மனக்கண்முன் தோன்றுதல் நம்முள் மூத்தோர்க்கு இயல்பு. நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட ஓரங்குலத் தாள், அதாவது நிலத்தில் ஒரு மைலைத் தாளில் ஓரங்குலமாகச் சுருக்கிக் காட்டும் படம், அக்காலத்துப் புவியியல் வகுப்பிற் பயின்றோர்க்கு நன்கு பழக்கமானது. அத்தாளை விலைகொடுத்து வாங்கியவர் அதற்கு முழு உடைமையாளர் ஆனார். அதனைத் தம்பிக்குக் கொடுக்கலாம். நண்பருக்கு இரவல் வழங்கலாம். முப்பது ஆண்டு கழித்து அலுமாரியிலிருந்து எடுத்து விரித்தாலும் அதே படம் அங்கேயே இருக்கும்.

இக்காலத்தில் மலையேறச் செல்வோரும், நெடும் பிரயாணஞ் செய்வோரும், வெளிக்கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவரும் கையடக்கமான ஜி.பி.எஸ். கருவியொன்றை உடன்கொண்டு செல்லுகின்றனர். அக்கருவிக்கெனத் தேசப்படமும் விலைக்குக் கிடைக்கின்றது. ஆனால், அதை வாங்கப் போகுமிடத்தில் முன்னர் எழாத வினாவொன்று எழுகின்றது. அட்டையில் வேண்டுமா, இணையத்தின் வழி இறக்கிக்கொள்ள வேண்டுமா, ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டுமா, கோட்டுப் படமா, அச்சுத் தாளின் நிழற்படமா என்று பல வடிவங்களைக் காட்டுவர். ஒரே நாட்டின் படந்தானே, எவ்வடிவாயினும் ஒன்றேயென்று கருதிக் கைக்கெட்டியதை வாங்குவோர் பலர். விலையில் உள்ள வேறுபாடு சிறிதாகலாம். விளைவில் உள்ள வேறுபாடு பெரிது. வடிவத்தைத் தெரிவு செய்யும்போதே, அப்படம் எத்துணைக் காலம், எத்தனை கருவிகளில், எந்நிலையில் நமக்குப் பயன்படும் என்பதையும் நாம் தீர்மானித்து விடுகின்றோம். இக்கட்டுரை அதனையே விளக்க முற்படுகின்றது.

முதலில், கருவி செய்வது இன்னதென்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் அமைத்த செய்மதி ஒழுங்கு. அதன் முதற் செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. ஒழுங்கு முழுமையாக இயங்குவதாக 1995 இல் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் இச்செய்மதிகள் தத்தம் நிலையையும் நேரத்தையும் வானொலி அலைகளாக ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு செய்மதிகளின் அலைகளேனும் கிடைத்தால், கருவி தான் நிற்குமிடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகியவற்றைக் கணித்துவிடும். பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன்பின், நூறு மீற்றர் வரை பிழைபட்ட கணிப்பு, வெளியான இடங்களிற் சில மீற்றர் அளவுக்குத் திருந்திற்று.

ஆயினும், வீதியோ ஆறோ மலையோ வானத்திலிருந்து வருவதில்லை. செய்மதி தருவது எண்களே. அவ்வெண்கள் சுட்டும் புள்ளி வயலிலா வாவியிலா மலைவிளிம்பிலா உள்ளது என்பதைச் சொல்ல வேண்டியது தேசப்படம். கருவி எத்துணை நுட்பமானதாயினும் படம் பிழையாயின் வழியும் பிழையாம்.

கைத்தொலைபேசியிலும் இவ்வசதி உண்டே, தனிக்கருவி எதற்கு என்று கேட்பர். தொலைபேசியும் செய்மதியிலிருந்தே இடமறிகின்றது. ஆனால், அதன் திரையிற் காணும் படம் பெரும்பாலும் தொலைபேசி வலையமைப்பின் வழியே அவ்வப்போது வந்துசேருவது. அலை எட்டாத காட்டிலும் மலையிலும் புள்ளி மாத்திரம் தோன்றும். அதனைச் சூழ்ந்து வெறுந்திரையே இருக்கும். முன்கூட்டியே படத்தைச் சேமித்து வைத்தவருக்கு இவ்விடர் இல்லை. அவ்வாறு சேமிக்கும் எவருக்கும் கீழ்வருவன பொருந்தும்.

படம் வாங்குவோர் ஆராய வேண்டியவை மூன்று: படம் எதனால் ஆனது? எதிலே தங்கியுள்ளது? எதனோடு பூட்டப்பட்டுள்ளது? எடுத்துக்காட்டாக, கையடக்கக் கருவிகளாற் பெயர்பெற்ற கார்மின் நிறுவனத்தின் முறையைக் கொள்வோம். இது 1989 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கேரி பரெல், மின் காவோ என்னும் இருவராலே தொடங்கப்பட்டது. இருவர் பெயரையும் இணைத்ததே நிறுவனத்தின் பெயர்.

முதலாம் வினாவுக்கு வருவோம். கருவிக்குரிய படங்கள் இருவகைப்படும். ஒன்று வெக்டர் எனப்படும் கோட்டுப் படம். மற்றது ராஸ்டர் எனப்படும் புள்ளிப் படம்.

கோட்டுப் படத்தில் வீதியொன்று வரைந்த கோடாக இராது. அதன் வளைவுகள் எங்கெங்கே திரும்புகின்றன என்னும் எண்களின் வரிசையாகவே இருக்கும். அதனோடு வீதியின் பெயர், தரம், அது எவ்வீதியோடு சந்திக்கின்றது என்பனவும் சேர்ந்திருக்கும். இவ்வெண்களைக் கொண்டு கருவி அவ்வப்போது திரையிலே படத்தை வரைந்து காட்டுகின்றது. ஆதலின், எத்துணை பெருப்பித்தாலும் எழுத்துங் கோடுந் தெளிவாயிருக்கும். ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். இவ்விடத்திலிருந்து அவ்விடத்துக்கு எவ்வழியாற் செல்வது என்று கருவியைக் கேட்கலாம். ஒரு நாடு முழுவதும் சிறிய கோப்பொன்றில் அடங்கும்.

புள்ளிப் படமோ அச்சிட்ட தாளின் நிழற்படம் போன்றது. வரைஞர் தீட்டிய பாறைக் கோலமும், நிழலும், குறியீடும், எழுத்தும் தாளில் உள்ளவாறே திரையில் வரும். பிரித்தானியாவில் மலைநடைக்குச் செல்வோர் ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் 1:50,000, 1:25,000 அளவுத்திட்டப் படங்களை இவ்வடிவிலேயே பெரிதும் விரும்புவர். தாளிற் படித்துப் பழகிய கண்ணுக்கு அதே படம் திரையிலுங் கிடைத்தல் பெரும் நன்மை. ஆனால், கருவிக்கு அது வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டமே. எது வீதி, எது வாய்க்கால் என்று அது அறியாது, வழி கேட்டாற் சொல்லாது, பெருப்பித்தால் மங்கிவிடும், கோப்பும் பெரிது.

எத்துணைப் பெரிது என்பதை ஒரு சிறு கணக்காற் காணலாம். கார்மின் கருவிகளில் நாமே உருவாக்கிய புள்ளிப் படத்தையும் ஏற்றலாம். ஆனால், 1,024 புள்ளி நீளமும் அத்துணை அகலமும் கொண்ட ஓடுகளாக அதனைப் பிரித்தல் வேண்டும். பல கருவிகள் 100 ஓடுகளையே ஏற்கும், சில 500 வரை ஏற்கும். 1:50,000 படமொன்றை மில்லிமீற்றருக்குப் பத்துப் புள்ளி வீதம் பதிவு செய்தால், ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் 5 மீற்றரைக் குறிக்கும். எனவே ஓர் ஓட்டின் பக்கம் 5.12 கிலோமீற்றர், பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீற்றர். நூறு ஓடுகள் ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றரை அடக்கும். 1,025 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். இலங்கை முழுவதற்குமோ 2,500 ஓடுகள் வேண்டும். 500 ஓடுகளை ஏற்குங் கருவியிலும் தீவின் ஐந்திலொரு பங்கே அடங்கும். ஆகவே, குறித்த ஒரு மலையை அல்லது ஒரு காட்டை நுணுகிக் காணப் புள்ளிப் படமும், நாடெங்குஞ் செல்லக் கோட்டுப் படமும் ஏற்றவை என்பது விளங்கும்.

கோட்டுப் படத்தில் ஒரு மயக்கமும் உண்டு. எவ்வளவு பெருப்பித்தாலுங் கோடு மெலிதாய்த் தெளிவாய் இருப்பதனால், அது அவ்வளவு திருத்தமானது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அதன் திருத்தம், அது எவ்வளவுத்திட்டத் தாளிலிருந்து பெறப்பட்டது என்பதைப் பொறுத்தது. கார்மின் அமெரிக்காவுக்கு விற்ற இடவிளக்கப்படங்களில் 1:100,000 அளவினின்று எடுத்ததும் உண்டு, 1:24,000 அளவினின்று எடுத்ததும் உண்டு. தாளில் அரை மில்லிமீற்றர் விலகினால் முன்னையதில் நிலத்தே 50 மீற்றர் தவறும். பின்னையதில் 12 மீற்றரே தவறும். மூடுபனியிற் பள்ளத்தாக்கின் விளிம்பிலே நடப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஆதலின் மூலத்தின் அளவுத்திட்டத்தை உறையிற் பார்த்தறிதல் முதற் கடமை.

இரண்டாம் வினாவும் மூன்றாம் வினாவும் தம்முட் பிணைந்தவை. படம் எதிலே தங்கியுள்ளது, எதனோடு பூட்டப்பட்டுள்ளது என்பவற்றைப் பொறுத்து விற்பனை முறை நான்காகும்.

முதலாவது, இறுவட்டு. முன்னாளிற் பெரிதும் வழங்கிய முறை இது. பழைய கருவி உடையோரிடம் இன்றுங் காணலாம். வட்டிலுள்ள படத்தைக் கணினியிற் பதித்து, வேண்டிய பகுதியை மாத்திரம் தெரிந்து கருவிக்கு அனுப்புவர். வீட்டிலிருந்தே பெருந்திரையில் வழியைத் திட்டமிடலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால், 25 எழுத்துங் கலந்த திறவுகோற் குறியீடொன்று பெற்றே படத்தைத் திறக்க முடியும். அக்குறியீடு குறித்த கருவிக்கே உரியது.

இரண்டாவது, நினைவக அட்டை. 15 மில்லிமீற்றர் நீளமும் 11 மில்லிமீற்றர் அகலமும் உள்ள சிற்றட்டையிற் படத்தைப் பதித்தே விற்பர். கருவியிற் செருகியவுடன் படம் தோன்றும். கணினியும் வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை. இங்கே பூட்டு அட்டையோடு உள்ளதேயன்றிக் கருவியோடு இல்லை. ஆதலின், இன்று ஒரு கருவியிலும் நாளை மற்றொன்றிலும் மாற்றிச் செருகலாம். கருவி பழுதாயின் அட்டையை எடுத்துப் புதிய கருவியில் இடலாம். கடுதாசித் தாளின் இயல்புக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. குறைகளும் உண்டு. அட்டையிலுள்ள கோப்பை வேறோர் அட்டைக்குப் படியெடுத்தால் அது இயங்காது. எனவே அட்டை தொலைந்தாற் படமுந் தொலைந்ததே. அன்றியும், நாட்டில் வீதிகள் மாறினாலும் அட்டையிலுள்ள படம் பெரும்பாலும் மாறாது; புதியது வேண்டின் மீண்டும் வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, இணையத்தின் வழி இறக்கிக்கொள்ளல். அட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணஞ் செலுத்திய அன்றே படங் கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் செலவும் மிச்சம். கணினியிற் சேமித்தும் வைக்கலாம். ஆனால், படம் அக்கருவியின் தொடரிலக்கத்தோடு பூட்டப்பட்டிருக்கும். கருவி கடலில் விழுந்தாலும் களவு போனாலும், கணினியிலுள்ள கோப்பு மற்றொரு கருவியில் தானாகத் திறவாது. மாற்றிக் கொடுப்பதும் கொடாததும் விற்றவரின் நிபந்தனையைப் பொறுத்தது.

நான்காவது, சந்தா. ஆண்டுதோறும் பணஞ் செலுத்தும் வரை பல்வகைப் படங்களும் செய்மதி நிழற்படங்களுங் கிடைக்கும். பல நாடுகளுக்குச் செல்வோர்க்கு இது சிக்கனமாகலாம். சந்தா முடிந்தபின் ஏற்கெனவே இறக்கிய படம் திறக்குமா என்பதை முதலாண்டுப் பணத்தைச் செலுத்துமுன்னரே கேட்டறிதல் விவேகம்.

இவ்விடத்தில் 'ஆயுட்காலப் படம்' என்னுஞ் சொல்லைப் பற்றியுஞ் சில கூறல் வேண்டும். மோட்டார் வண்டிக்குரிய கருவிகளின் பெட்டியில் இச்சொல்லைப் பலர் கண்டிருப்பர். ஆயுள் என்பது வாங்கியவரின் ஆயுள் அன்று. கார்மின் நிறுவனத்தின் நிபந்தனைப்படி, கருவி பயன்படத்தக்க நிலையில் உள்ளவரையும், அல்லது படத்தரவு வழங்குவோரிடமிருந்து நிறுவனம் அதனைப் பெறும் வரையும், இவற்றுள் எது குறுகியதோ அதுவே ஆயுள். 24 மாதம் புதுப்பிக்காது விட்ட கருவி வழக்கொழிந்ததாகக் கொள்ளப்படும். டொம்டொம் நிறுவனமும் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு இனிப் புதிய படம் கிடையாதென 2018 இல் அறிவித்தது. ஆகவே, படத்தின் ஆயுளைக் கருவியின் ஆயுளோடு பிணைக்கும் எவ்வடிவிலும், கருவி முதுமையடையும்போது படமும் முதுமையடையும் என்பதை மறத்தலாகாது.

விலையின்றிக் கிடைக்கும் படங்களும் உள. 2004 இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ற் என்பவர் தொடங்கிய ஓப்பன்ஸ்றீற்மப் என்னும் முயற்சியில், உலகெங்குமுள்ள தொண்டர்கள் தத்தம் ஊரின் வீதிகளையும் பாதைகளையும் தாமே பதிவு செய்கின்றனர். அத்தரவைக் கார்மின் கருவி ஏற்கும் கோப்பாக மாற்றும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றது. அவ்வாறு ஆக்கிய கோப்பு எக்கருவியோடும் பூட்டப்படுவதில்லை. படியெடுக்கலாம், பகிரலாம், இரு கருவிகளில் இடலாம். உரிமையைப் பொறுத்தவரை கடுதாசியினும் மேம்பட்ட நிலை இது. ஆயினும், தொண்டர் மிக்க இடத்தில் ஒற்றையடிப் பாதையுங் குறிக்கப்பட்டிருக்கும். தொண்டர் இல்லாத இடத்திற் குளமே விடுபட்டிருக்கும். நாம் நன்கறிந்த ஊரொன்றை அப்படத்திற் பார்த்து, அதன் தரத்தை அளந்தபின்னரே அறியாத இடத்துக்கு அதனை நம்பிச் செல்லல் வேண்டும்.

பழைய ஓரங்குலத் தாளை நிழற்படமாக்கிக் கருவியில் ஏற்ற விரும்புவோர் நம்மவருள்ளும் இருப்பர். திணைக்களத்தின் படங்களைப் படியெடுப்பதற்கு அனுமதி பெறுதல் முறை. அஃதன்றி, கவனிக்க வேண்டிய நுட்பமொன்றும் உண்டு. அகலாங்கு நெட்டாங்குகளை எண்ணத் தொடங்கும் அடிப்படை எல்லாத் தேசப்படங்களுக்கும் ஒன்றன்று. நம் பழைய படங்கள் எவரெஸ்ற் 1830 என்னும் புவிவடிவக் கணிப்பைத் தழுவி, கந்தவல என்னும் அடிப்படையில் அமைந்தவை. ஜி.பி.எஸ். கருவியோ 1984 ஆம் ஆண்டின் உலகப் பொது முறையைப் பின்பற்றுகின்றது. மாற்றஞ் செய்யாது ஒன்றில் உள்ள எண்களை மற்றதில் இட்டால், நாம் நிற்கும் புள்ளி இருநூறு மீற்றருக்கு மேல் விலகித் தோன்றும். ஓரங்குலத் தாளில் இது மூன்று மில்லிமீற்றரே. நிலத்திலோ ஆற்றின் இக்கரையில் நிற்பவரை அக்கரையில் நிற்பதாகக் காட்டப் போதுமானது. இதன்பொருட்டே கார்மின் கருவிகளின் அமைப்புப் பட்டியலில் கந்தவல என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது.

எவ்வடிவைத் தெரிந்தாலுங் கருவியின் கொள்ளளவையும் பார்த்தல் வேண்டும். பழைய கருவிகள் பல 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட அட்டைகளை ஏற்பதில்லை. அட்டையின் கோப்பமைப்புக் காரணமாக, ஒரு தனிக்கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்டவும் இயலாது. பெருநாடொன்றின் படமாயின் அதனைப் பிரித்தே இடல் வேண்டும். மிகப் பழைய கருவிகள் குறித்த ஒரே பெயருள்ள கோப்பையே படமாக அறியும். ஆதலின் இரண்டாம் படத்தை இடும்போது முதற் படத்தை அழித்துவிடாது காத்தல் வேண்டும்.

இனி, யாருக்கு எது பொருத்தம் என்று சுருங்கக் கூறுவோம். குடும்பத்திலோ சாரணர் குழுவிலோ இரண்டு மூன்று கருவிகள் இருப்பின், மாற்றி மாற்றிச் செருகத்தக்க அட்டையே நன்று. ஒரே கருவியை வைத்து, வீதிகள் விரைந்து மாறும் நகரங்களில் வண்டியோட்டுபவர் புதுப்பிக்கத்தக்க கோட்டுப் படத்தை இணையத்தின் வழி பெறலாம். மலைநடைக்குச் செல்பவர் நல்ல அளவுத்திட்டத்திலமைந்த இடவிளக்கப்படத்தை, சமவுயரக்கோடு உள்ளதாகத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். கைப்பொருள் குறைந்த மாணவர் இலவசப் படத்தில் தொடங்கி, அதன் குறை தெரிந்தபின் வேண்டுமாயின் விலைப்படத்துக்குச் செல்லலாம். எவராயினும் மின்கலம் இறந்தாலும் இறவாத கடுதாசித் தாளொன்றையும் திசையறி கருவியொன்றையும் பையிலே வைத்திருத்தல், ஆளில்லா இடத்தில் உயிர்காக்கும் முன்னெச்சரிக்கையாம்.

நல்ல படத்தைப் பொருந்தா வடிவில் வாங்கியவர் பயன் பெறுவது கருவி நிலைக்கும் வரையே. நடுத்தரமான படத்தையும் தக்க வடிவில் வாங்கியவர் பல்லாண்டு பயன் பெறுவர். ஆகவே, விற்பவரை நோக்கி நான்கு வினாக்களை வினவுக. இப்படம் எந்த அளவுத்திட்டத்திலிருந்து பெறப்பட்டது? கோடா, புள்ளியா? கருவி கெட்டால் இப்படத்தை என்ன செய்வது? புதுப்பிக்க எத்தனை நாள், எவ்வளவு பணம்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தபின்னரே பணத்தை எண்ணுக.